கண்ணாடி முகப்பு: ஒட்டுவது சரி, எங்கே வைத்து ஒட்டுகிறார்கள்?

கேள்வி: வணக்கம். ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். தூணும் தளமும் முடிந்துவிட்டன. சாலையைப் பார்த்த மேற்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி. நுழைவுக்கூடம் மட்டும் இரண்டு மாடி உயரம். மூன்று ஃபேப்ரிகேட்டர்களிடம் விலை கேட்டோம். ஒருவர் ஸ்டிக் என்கிறார், ஒருவர் செமி யூனிடைஸ்டு என்கிறார், மூன்றாமவர் யூனிடைஸ்டு. ஆர்க்கிடெக்ட் நுழைவுக்கூடத்துக்கு ஸ்பைடர் கேட்கிறார். எது எதற்கு என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. ஸ்டிக் சொன்னவர், கண்ணாடியை சைட்டிலேயே ஒட்டிவிடலாம், வேலை சீக்கிரம் முடியும் என்கிறார். இதையெல்லாம் விட அப்பாவுக்கு ஒரு பயம்: பசையால் ஒட்டிய கண்ணாடி பத்து வருஷத்தில் கழன்று விழுந்துவிடாதா? அப்புறம், ஜன்னல் திறக்கும்படி வைக்கலாமா?

பதில்: வணக்கம். உங்கள் அப்பாவின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற மூன்று பெயர்களும் தாமாகவே இடத்தில் வந்து உட்காரும்.

நாலு பக்கமும் சிலிகானால் மட்டுமே ஒட்டிய கண்ணாடி முகப்பு முதன்முதலில் 1971-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தின் சொந்த அலுவலகத்தில் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்ட தொழில்நுட்பம் இது. சிலிகான் இதற்குத் தேர்வானதற்குக் காரணம் அதன் வேதியியல். அதன் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்தப் பிணைப்பை எளிதில் உடைப்பதில்லை. மற்ற சீலன்ட்டுகள் (இடுக்கை அடைக்கும் பசைகள்) வெயிலில் சில வருஷத்திலேயே இறுகி வெடிக்கும் இடத்தில் சிலிகான் ரப்பராகவே இருக்கும்.

ரப்பராக இருப்பது வலிமையை விட முக்கியம். கண்ணாடியும் அது ஒட்டியிருக்கும் அலுமினியச் சட்டமும் ஒரே அளவில் நீள்வதில்லை. 3 மீட்டர் நீளமுள்ள இரண்டையும் 50 டிகிரி சூடாக்கினால் அலுமினியம் கிட்டத்தட்ட 3.5 மில்லிமீட்டர் நீளும், கண்ணாடி 1.4 மில்லிமீட்டர் கூட நீளாது. மேற்கு வெயிலில் நிற்கும் உங்கள் முகப்பில் இந்த இரண்டு மில்லிமீட்டர் இழுபறி தினமும் நடக்கும். நடுவில் இருக்கும் பொருள் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும். விறைப்பான பிணைப்பு என்ன செய்யும் என்பதற்கு பாஸ்டனின் ஜான் ஹான்காக் கோபுரம் சாட்சி. அங்கே இரட்டைக் கண்ணாடியின் (நடுவில் இடைவெளி விட்டுச் சேர்த்த இரண்டு கண்ணாடிகள்) ஓரத்தை ஈயத்தால் பற்றவைத்திருந்தார்கள். அந்தப் பிணைப்பு அசைவை விழுங்காமல் அப்படியே கண்ணாடிக்குக் கடத்தியது. 1973-இல் பலகைகள் உடைந்து விழத் தொடங்கின. கடைசியில் கட்டடத்தின் 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள். அது சிலிகான் முகப்பு அல்ல. ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் அந்தப் பாடத்தை மறப்பதில்லை.

சரி, எவ்வளவு சிலிகான் போதும்? இதற்கு ஊகம் வேண்டாம், கணக்கு இருக்கிறது. உங்கள் ஃபேப்ரிகேட்டரிடம் கேட்க வேண்டிய முதல் காகிதமும் இந்தக் கணக்குதான். கண்ணாடியோடு சிலிகான் ஒட்டியிருக்கும் அகலத்தைத் தொழிலில் பைட் என்பார்கள். கண்ணாடியின் குட்டைப் பக்கத்தில் பாதியைக் காற்றழுத்தத்தால் பெருக்கி, சிலிகானுக்கு அனுமதிக்கப்பட்ட தகைவால் (ஒரு பரப்பளவுக்கு இவ்வளவு விசை என்ற வரம்பு) வகுத்தால் பைட் கிடைக்கும். அந்தத் தகைவு 138 கிலோபாஸ்கல். ஸ்ட்ரக்சரல் சிலிகானுக்கான, அதாவது சுமை தாங்கும் சிலிகானுக்கான, அமெரிக்கத் தரம் குறைந்தபட்சம் 345 கிலோபாஸ்கல் தாங்க வேண்டும் என்கிறது. அப்படியென்றால் இரண்டரை மடங்கு இருப்பு கணக்கிலேயே இருக்கிறது. நல்ல சிலிகான்கள் அதையும் தாண்டித் தாங்கும்.

உங்கள் அளவுக்கே போட்டுப் பார்க்கலாம். 1.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், காற்றழுத்தம் 2 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். பைட் சுமார் 11 மில்லிமீட்டர் வரும், 12 வைப்பார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காற்று கண்ணாடியை உள்ளே தள்ளும்போது சிலிகானுக்கு வேலை இல்லை, கண்ணாடி சட்டத்தின் மேல் சாய்ந்துகொள்ளும். வெளியே உறிஞ்சும்போதுதான் சிலிகான் இழுபடும். கட்டடத்தின் மூலைகளிலும் மேல் விளிம்பிலும் உறிஞ்சல் அதிகம். அங்கே 3 கிலோபாஸ்கல் என்றால் அதே கண்ணாடிக்கு 16 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். முகப்பு முழுவதற்கும் ஒரே பைட் எழுதிய வரைபடம் வந்தால், மூலைக்கு என்ன எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

இனி எடை. 6 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு சேர்ந்த இரட்டைக் கண்ணாடி, சதுர மீட்டருக்கு 30 கிலோ. உங்கள் பலகை ஒன்று 135 கிலோ. காற்று வந்து போகும், எடை போகாது. இரவும் பகலும் தொங்கும் சுமைக்கு சிலிகானை அவ்வளவு நம்பக் கூடாது என்பதால் அதற்கு வழக்கமாக எடுப்பது வெறும் 7 கிலோபாஸ்கல். அந்த 135 கிலோவைச் சிலிகானே சுமக்க வேண்டுமென்றால் சுற்றளவு முழுக்க 21 மில்லிமீட்டர் பைட் வேண்டும். காற்றுக்குத் தேவைப்பட்டதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கீழ்விளிம்பில் இரண்டு சின்ன அலுமினியத் தாங்கிகள், அதன்மேல் சிலிகான் ரப்பர் கட்டைகள் வைத்துவிட்டால் எடை அவற்றில் இறங்கிவிடும். சிலிகான் காற்றை மட்டும் பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இந்தத் தாங்கி கண்ணுக்கே தெரியாது. இதில் மிச்சம் பிடிப்பதை நான் எந்தக் கட்டடத்திலும் ஒப்புக்கொள்வதில்லை.

ஐரோப்பிய வழிகாட்டுதல் இதை வைத்தே முகப்புகளை நாலு வகையாகப் பிரிக்கிறது: எடைக்குத் தாங்கி உண்டா இல்லையா, சிலிகான் கைவிட்டாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி உண்டா இல்லையா. இரண்டும் இருந்தால் முதல் வகை, இரண்டும் இல்லாவிட்டால் நாலாம் வகை. ஜெர்மனியில் 8 மீட்டர் உயரத்துக்கு மேல் அந்தக் கொக்கி இல்லாமல் அனுமதி கிடைப்பது கடினம். உங்கள் ஊர் விதி கேட்காவிட்டாலும், ஆறு மாடிக்குக் கீழே மனிதர்கள் நடக்கிற பாதை இருந்தால் முதல் வகையையே கேளுங்கள். அப்பாவிடம் சொல்ல இதுவே போதும்: கண்ணாடி தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, சிலிகான் பிடித்திருக்கிறது, ஓரத்தில் கொக்கியும் இருக்கிறது.

இப்போது மூன்று பெயர்கள்.

ஸ்டிக் என்பது மல்லியன் (நெடுக்குச் சட்டம்), டிரான்சம் (குறுக்குச் சட்டம்) எல்லாவற்றையும் தனித்தனிக் குச்சிகளாகக் கொண்டுவந்து சாரத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பூட்டி, கடைசியில் கண்ணாடி ஏற்றுவது. மலிவு. தள விளிம்பு கோணலாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். கண்ணாடியை வெளியிலிருந்து அலுமினியப் பட்டையால் அழுத்திப் பிடிக்கும் சாதாரண கர்ட்டன் வாலுக்கு (தள விளிம்புக்கு வெளியே திரைபோல் நிற்கும் முகப்பு) அது நல்ல முறைதான். அதில் உயிர் நாடி பட்டையும் கேஸ்கெட்டும் (இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை). ஒட்டும் வேலையே இல்லை. ஆனால் பட்டை தெரியாத வழவழப்பான முகப்பு வேண்டும், அதையும் ஸ்டிக்கிலேயே சைட்டில் ஒட்டுகிறோம் என்றால், அங்கே நான் நிறுத்திவிடுவேன்.

காரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நல்ல தொழிற்கூடத்தில் ஒட்டும் மேசை தனி அறையில் இருக்கும். அலுமினியம் அறுக்கும் தூள் அந்த அறைக்குள் வராது. ஒட்டுபவர் வெள்ளைத் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றிச் சட்டத்தைத் துடைப்பார். அது காய்வதற்குள் இன்னொரு கையில் உள்ள உலர்ந்த துணியால் திரும்பத் துடைப்பார். முதல் துணி அழுக்கைக் கரைக்கிறது. இரண்டாவது துணிதான் அதை எடுக்கிறது. ஒரே துணியால் துடைத்துவிட்டுக் காற்றில் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அப்படியே மெல்லிய படலமாகத் திரும்பப் படியும், கண்ணுக்குத் தெரியாது. துணியைப் பாட்டிலில் முக்க மாட்டார், பாட்டிலிலிருந்து துணியில் ஊற்றுவார். இல்லாவிட்டால் பாட்டிலே அழுக்காகிவிடும். தேவைப்படும் பரப்புக்கு பிரைமர், ஒட்டுதலுக்கு உதவும் முதல் பூச்சு. அப்புறம் ஸ்பேசர் டேப் (இடைவெளியைக் காக்கும் நாடா), கண்ணாடி, அதன்பின் துப்பாக்கியிலிருந்து சிலிகான், இடையில் காற்றுக்குமிழி நிற்காமல் ஒரே ஓட்டமாக. உடனே கரண்டியால் அழுத்தி வழித்துவிடுவார்.

அங்கே பயன்படுத்துவது பெரும்பாலும் இரண்டு பகுதி சிலிகான்: வெள்ளை அடிப்பொருள், கறுப்பு வினையூக்கி. இயந்திரம் சரியாகக் கலக்கிறதா என்று காலையில் முதலில் பார்ப்பார்கள். ஒரு காகிதத்தில் கொஞ்சம் பிதுக்கி, நடுவில் மடித்து அழுத்தி, விரித்தால் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு கறை. முழுக்கக் கறுப்பாக இருந்தால் சரி. சாம்பல் கோடோ வெள்ளைக் கோடோ தெரிந்தால் அன்றைக்கு இயந்திரத்தைச் சரி செய்யாமல் ஒரு பலகைகூட ஒட்டக் கூடாது. அதோடு ஒரு சின்னக் கோப்பையில் சிலிகானை நிரப்பிக் குச்சியைச் செருகி, அவ்வப்போது இழுத்துப் பார்ப்பார்கள். பசையாக நூல் விட்டு வந்தது எந்த நிமிடத்தில் ரப்பராக வெட்டென்று திரும்பிப் போகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். அந்த நேரம் நாளுக்கு நாள் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நாலாவது மாடிச் சாரத்தில், காற்றில் சிமென்ட் தூசி பறக்க, வெயிலில் தொட முடியாமல் கொதிக்கும் அலுமினியத்தின் மேல் செய்ய முடியுமா? சிலிகான் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சொல்லும் வெப்பநிலை 10 முதல் 40 டிகிரி வரை. மதிய வெயிலில் கறுப்புச் சட்டம் அதைத் தாண்டிவிடும். தவிர, சைட்டில் பயன்படும் ஒரு பகுதி சிலிகான் காற்றின் ஈரப்பதத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்ளே மெல்ல இறுகுவது. முழுசாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கண்ணாடி ஆடக் கூடாது. காற்று அடிக்காமல் இருக்குமா? தற்காலிகப் பிடிப்பான்களை அத்தனை நாளும் கழற்றாமல் வைத்திருப்பார்களா? உங்களிடம் 'வேலை சீக்கிரம் முடியும்' என்றவர் அந்த மூன்று வாரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒட்டுதல் கெட்டுப்போனால் அது உடனே தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அழுக்கின் மேல் ஒட்டிய சிலிகானும் முதல் நாள் நன்றாகவே பிடித்திருக்கும். ஈரமும் வெயிலும் சேர்ந்து அதைப் பிரிக்க வருஷங்கள் ஆகலாம். தொழிற்கூடத்தில் இதைப் பிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. அதே சட்டத் துண்டில் சிலிகான் பட்டை ஒன்றை இட்டு, இறுகியபின் ஒரு நுனியைக் கத்தியால் கிளப்பிப் பின்பக்கமாக மடித்து இழுக்க வேண்டும். சிலிகான் தனக்குள் கிழிந்து, சட்டத்தின் மேல் கறுப்பு மிச்சமாக ஒட்டிக்கொண்டிருந்தால் நல்லது. பளிச்சென்று உலோகம் தெரியும்படி உரிந்து வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். இந்தச் சோதனை நடக்கும்போது நீங்களோ உங்கள் என்ஜினீயரோ ஒரு தடவை நேரில் போய் நில்லுங்கள். எந்தச் சான்றிதழை விடவும் அது அதிகம் சொல்லும்.

யூனிடைஸ்டு இதற்கு நேர் எதிர்முனை. ஒரு மாடி உயரப் பலகை முழுவதும், சட்டம், கண்ணாடி, கேஸ்கெட் எல்லாம் தொழிற்கூடத்திலேயே முடிந்து வரும். தள விளிம்பில் உள்ள பிராக்கெட்டில் மேலிருந்து தொங்கவிடுவார்கள். பக்கத்துப் பலகையோடு ஆண், பெண் என்று இரண்டு பாதி மல்லியன்கள் கோத்துக்கொள்ளும். மேல் பலகையும் கீழ்ப் பலகையும் சந்திக்கும் கிடைமட்ட மூட்டில் தளம் தாழ்வதும் கட்டடம் அசைவதும் அடங்கும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வடிகால் வழியும் உள்ளேயே இருக்கும். தரத்தில் இதற்கு மேல் ஒன்றில்லை. வெளிச்சாரமும் வேண்டாம். ஆனால் தனி அச்சில் பிதுக்கி எடுத்த அலுமினியம், பெரிய தொழிற்கூடம், கிரேன், முன்கூட்டியே கான்கிரீட்டில் பதித்த பிராக்கெட் சேனல், துல்லியமான தள விளிம்பு எல்லாம் வேண்டும். நீங்கள் தளம் எல்லாம் போட்டு முடித்துவிட்டீர்கள். சேனல் பதிக்கவில்லை என்றே நினைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு மாடிக்குக் கீழே, ஒரே அளவுப் பலகை நூற்றுக்கணக்கில் இல்லாத இடத்தில், இந்தச் செலவு திரும்பி வராது என்பது என் கணிப்பு.

எனவே உங்கள் மேல்மாடிகளுக்கு செமி யூனிடைஸ்டு. மல்லியன், டிரான்சம் கூடு சைட்டில் எழும்பும், ஸ்டிக் மாதிரியே. தள விளிம்பின் கோணலையும் அது சரிக்கட்டும். கண்ணாடியைத் தொழிற்கூடத்தில் சின்ன அலுமினியச் சட்டத்தோடு ஒட்டி, இறுகவிட்டு, பலகையாகக் கொண்டுவந்து கூட்டில் மாட்டிக் கிளிப்பால் பூட்டுவார்கள். ஒட்டும் வேலை கூரைக்குக் கீழே நடந்துவிடுகிறது. சைட்டில் திருகு முடுக்குவதும் வெளி மூட்டுக்கு மழை புகாமல் வெதர் சீலன்ட் அடிப்பதும்தான் மிச்சம். நாளைக்கு ஒரு கண்ணாடி உடைந்தால் மூட்டைக் கீறிப் பலகையைக் கழற்றிப் புதிய பலகையை மாட்டிவிடலாம். மாற்றும் வேலையிலும் சைட்டில் ஸ்ட்ரக்சரல் சிலிகான் தேவைப்படாது. ஒட்டியதைவிட எந்திரப்பிடி மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: இரட்டைக் கண்ணாடியின் ஓர இடுக்கில் சேனல் வைத்து அதற்குள் சின்னப் பிடிகளைத் திருப்பிப் பூட்டுவது. வெளியே வழவழப்பாகவே தெரியும். உங்கள் ஃபேப்ரிகேட்டருக்கு அதில் பழக்கம் இருந்தால் தாராளமாகப் போகலாம்.

நுழைவுக்கூடத்து ஸ்பைடரை நான் எதிர்க்கவில்லை. ஸ்பைடர் என்றால் சுற்றுச் சட்டம் இல்லாமல், சிலந்திக் கால் போன்ற உலோகக் கைகளில் கண்ணாடியின் மூலைகளைப் போல்ட்டால் பிடிப்பது. ஆர்க்கிடெக்டுக்கு அங்கே சட்டம் தெரியாத வெளிச்சம் வேண்டும், நியாயம்தான். இந்த வழி நீண்ட வரலாறு உள்ளது. 1975-இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த வில்லிஸ் ஃபேபர் கட்டடத்தில் கண்ணாடியை மேலிருந்து தொங்கவிட்டு, மூலைகளில் உலோகத் தகடுகளால் ஒன்றோடொன்று கோத்தார்கள். காற்றைத் தாங்க உள்ளே கண்ணாடியாலேயே விலாக்கள். 1986-இல் பாரிஸின் லா வில்லெட் அறிவியல் மையத்தில் பீட்டர் ரைஸ் குழு கண்ணாடியில் துளையிட்டு, அந்தத் துளைக்குள்ளேயே சுழலும் பந்து மூட்டை வைத்தது. அந்தப் பந்து மூட்டு சின்ன விஷயம் இல்லை. காற்றில் கண்ணாடி வளையும்போது போல்ட் விறைப்பாக இருந்தால் துளையின் ஓரத்தில் தகைவு குவிந்து அங்கிருந்து உடையும். பந்து மூட்டு கண்ணாடியோடு சேர்ந்து சாய்ந்து கொடுக்கும். சந்தையில் கிடைக்கும் எல்லா ஸ்பைடர் போல்ட்டிலும் அது இருக்காது. இரண்டு மாடி உயரத்துக்கு அது இருக்கிறதா என்று கையில் வாங்கி அசைத்தே பாருங்கள்.

ஸ்பைடரில் எடையையும் காற்றையும் போல்ட் சுமக்கிறது. இடையில் உள்ள சிலிகான் மழையைத் தடுக்க மட்டும். அதனால் சிலிகான் பயம் இங்கே இல்லை, துளை பற்றிய கவனம் உண்டு. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து டஃபண்ட் ஆக்கிய பிறகு கண்ணாடியில் துளையிடவோ வெட்டவோ முடியாது. ஒரு துளை இடம் மாறினாலும் அந்தக் கண்ணாடி வீண். கடைசித் தளம், கடைசித் தரை முடிந்து அளவெடுத்த பிறகே ஆர்டர் கொடுங்கள். மேற்கு வெயிலுக்கு ஸ்பைடர் அவ்வளவு நல்ல தேர்வு இல்லை. இரட்டைக் கண்ணாடியில் செய்ய முடியும், ஆனால் ஒவ்வொரு துளையையும் சுற்றி காற்றுப்புகாமல் அடைக்க வேண்டியிருப்பதால் செலவும் சிக்கலும் கூடும். அங்கே லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) போட்டு, முன்னால் ஆழமான கூரை நீட்டி நிழல் கொடுக்கச் சொல்வேன்.

கண்ணாடியைப் பற்றி இரண்டு சொல் சொல்லியே ஆக வேண்டும். டஃபண்ட் கண்ணாடி வலிமையானது, ஆனால் உடைந்தால் முழுக்கத் தூளாகிக் கொட்டும். உருக்கும்போது உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துணுக்கு ஒன்று மெல்லப் பெருத்து, யாரும் தொடாமலே ஒரு நாள் உடைக்கும். அதற்காகவே ஹீட் சோக் சோதனை: பலகைகளை 260 டிகிரி அளவில் சூடாக்கி வைத்து, உடைவது உலையிலேயே உடைந்துவிடட்டும் என்று விடுவது. டஃபண்ட் போட்டால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் எடுக்காதீர்கள். மேல்மாடிகளுக்கு நான் விரும்புவது ஹீட் ஸ்ட்ரெங்தண்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கி டஃபண்டை விட மெதுவாகக் குளிரவைத்தது. டஃபண்ட் அளவுக்கு வலிமை இல்லை, ஆனால் உடைந்தால் பெரிய துண்டுகளாகச் சட்டத்திலேயே நிற்கும், நிக்கல் சல்ஃபைடு தொல்லையும் அநேகமாக இல்லை. கீழே ஆட்கள் நடக்கும் இடத்துக்கு நேர் மேலே லேமினேட்டட்.

இரட்டைக் கண்ணாடியின் வெளி ஓரத்தில் உள்ள சீலன்ட் சிலிகானாக இருக்க வேண்டும். பாலிசல்ஃபைடு மலிவு, பலர் அதையே போடுவார்கள். சட்டத்துக்குள் மறைந்த ஜன்னலுக்கு அது போதும். இங்கே ஓரம் வெயிலில் நிற்கிறது. வெளிக்கண்ணாடியைப் பிடித்திருப்பதும் அந்தச் சீலன்ட்தான். உள்கண்ணாடியை மட்டும் சட்டத்தோடு அழகாக ஒட்டிவிட்டு, வெளிக்கண்ணாடியை வெயில் தாங்காத சீலன்ட்டில் தொங்கவிட்டால் கணக்கெல்லாம் வீண். அதே போல வெப்பம் தடுக்கும் மென்பூச்சு உள்ள கண்ணாடியில், சிலிகான் படும் ஓரத்தில் அந்தப் பூச்சை இயந்திரத்தால் உரசி எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிகான் ஒட்டுவது பூச்சோடு, கண்ணாடியோடு இல்லை. பூச்சு உரிந்தால் எல்லாம் உரியும். கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் உரசிய பட்டை தெரியும்.

சட்டத்தின் மேல்பூச்சு, கேஸ்கெட், ஸ்பேசர் டேப், ரப்பர் கட்டை இவை எல்லாமே சிலிகானோடு ஒத்துப்போக வேண்டும். சில கேஸ்கெட்டுகளிலிருந்து எண்ணெய் கசிந்து சிலிகானை மஞ்சளாக்கி இளக்கிவிடும். சிலிகான் தயாரிப்பு நிறுவனங்கள் இந்த மாதிரிகளை வாங்கி ஒட்டுதல் சோதனையும் ஒத்துப்போகும் சோதனையும் செய்து கொடுப்பார்கள், வரைபடத்தில் பைட்டையும் சரிபார்ப்பார்கள். மூன்று நாலு வாரம் எடுக்கும். இந்த அறிக்கை கைக்கு வரும்முன் ஒட்டத் தொடங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதிலேயே இன்னொரு வரி: ஒவ்வொரு பலகைக்கும் எண், ஒட்டிய தேதி, சிலிகான் தொகுதி எண் மூன்றையும் பதிவேட்டில் எழுதி உங்களிடம் ஒரு பிரதி தர வேண்டும். எட்டு வருஷம் கழித்து ஒரு பலகையில் சந்தேகம் வந்தால், அதே நாளில் ஒட்டிய மற்றவை எங்கே இருக்கின்றன என்று அந்தப் பதிவேடு காட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. கண்ணாடி முகப்பு தள விளிம்புக்கு வெளியே தொங்குவதால் தளத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கீழிருந்து மேல்வரை ஒரு இடைவெளி ஓடும். ஒரு மாடியில் தீப்பிடித்தால் புகை அந்த இடைவெளி வழியாக மேல்மாடிக்குப் போய்விடும். ஒவ்வொரு தள விளிம்பிலும் கல்கம்பளியை இறுக்கி அடைத்து, துத்தநாகம் பூசிய தகட்டால் தாங்கி, மேலே புகை சீலன்ட் பூச வேண்டும். விலைப்பட்டியல்களில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். உங்கள் மூன்று பட்டியலிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். உள்ளலங்காரம் மூடிவிட்டால் அப்புறம் பார்க்க முடியாது.

ஜன்னல் திறக்கலாம். புகை வெளியேறவும் தீயணைப்பு வீரர்கள் உள்ளே வரவும் சில திறக்கத்தான் வேண்டும். எத்தனை, எந்த மாடியில் என்பதை உங்கள் தீயணைப்புத் துறை விதி சொல்லும். மேல்விளிம்பில் கீல் வைத்துக் கீழ்ப்பக்கம் வெளியே தள்ளும் வகையைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும்போதும் மழை ஓரளவு தடுபடும். திறந்த ஜன்னலில் கண்ணாடி சாய்ந்து தொங்குவதால் எடைத் தாங்கியும் கொக்கியும் மற்ற எந்தப் பலகையையும் விட இங்கே கட்டாயம். காற்று பிடுங்காமல் இருக்கப் பல முனைகளில் பூட்டும் கைப்பிடியும், எடைக்கேற்ற ஃப்ரிக்‌ஷன் ஸ்டேயும் (திறந்த ஜன்னலைப் பிடித்து நிறுத்தும் உலோகக் கை) வேண்டும். ஸ்டேயின் தாங்குதிறன் அட்டவணையில் உங்கள் பலகையின் எடை எந்த வரிசையில் வருகிறது என்று பார்த்து, அகலத்தையும் உயரத்தையும் அதற்குள் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 135 கிலோப் பலகையை அப்படியே திறக்கும் ஜன்னலாக்க வேண்டாம். ஒரு டிரான்சம் கூடுதலாகப் போட்டுப் பலகையைப் பிரித்து, ஒரு பகுதியை மட்டும் திறக்க வைப்பது நல்லது.